வெப்பமானியின் முள்ளும் வேனின் சூடும்

பிற மாநிலங்களில் குடியேறிய தமிழரிடையே பழைய வேன் ஒன்றை நம்பிக் காலம் தள்ளுவோர் பலர் உளர். கல்யாண வீடுகளுக்குச் சமையல் பாத்திரங்களை ஏற்றிச் செல்வோர், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று திரும்பக் கொணர்வோர், விடியுமுன் சந்தைக்குப் போய்க் காய்கறியும் பூவும் வாங்கி வருவோர் என அவர்கள் பலதிறத்தினர். வேன் நின்றால் அன்றைய வரும்படியும் நின்றது. ஆகவே வேனின் முன்பலகையில், பெட்ரோல் அளவைக் காட்டும் முள்ளுக்கு அருகே இருக்கும் மற்றொரு சிறு முள்ளைப்பற்றிச் சில செய்திகளை இங்கே சொல்ல விழைகிறோம். எஞ்சினின் சூட்டைக் காட்டுவதாக நாம் எண்ணியிருக்கும் வெப்பமானியின் முள் அது. அது மெய் சொல்வதும் உண்டு. பொய் சொல்வதும் உண்டு. மெய்யைச் சொல்லியே ஆளை ஏமாற்றுவதும் உண்டு.

இதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தில்லியின் இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் மூன்று தமிழ்க் குடும்பத்தார் கூடி ஒரு வேனைப் பொதுவில் வைத்திருந்தோம். 1998-இல் செய்யப்பட்ட வண்டி அது. மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் முன்னிருக்கையின் அடியில் அடங்கியிருக்கும். 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அந்த வண்டிக்கு ஒரு விசித்திரமான நோய் கண்டது. பகலெல்லாம் வெப்பமானியின் முள் நடுவில் அமைதியாக நிற்கும். மாலை ஆறு மணி கடந்து, வெளியே குளிர்காற்று வீசத் தொடங்கியதும், முள் மெல்லச் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறும். வெயிலில் ஆறியிருந்த எஞ்சின் குளிரில் கொதிப்பானேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இக்கட்டுரை எழுதவேண்டிய அவசியம் நேர்ந்திராது.

பட்டறைக்குச் சென்றோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அங்கே ஒரு மோசமான மொழிபெயர்ப்பைச் செய்தோம். முள் ஏறுகிறது என்பதைத்தான் நாம் கண்ணால் கண்டோம். பட்டறைக்காரரிடமோ, ‘காடீ கரம் ஹோ ரஹீ ஹை’, அதாவது வண்டி சூடாகிறது என்று சொன்னோம். கண்டது ஒன்று, அதிலிருந்து நாமாக ஊகித்தது வேறொன்று. ஊகத்தையே செய்தியாகச் சொல்லிவிட்டோம். அவரும் நம் சொல்லை நம்பி, சூடாகும் வண்டிக்குச் செய்யவேண்டியதைச் செய்தார். பழைய ரேடியேட்டர் போய்ப் புதியது வந்தது. ரப்பர்க் குழாய்கள் கழற்றி மாட்டப்பட்டன. நமது ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி கரைந்தது. அன்று மாலை ஆறு மணிக்கு முள் வழக்கம்போல் ஏறியது.

அதன்பின் நாம் செய்துகொண்ட முடிவுதான் உண்மையான தவறு. முள் பொய்யானது, இனி அதைப் பார்க்கவேண்டாம் என்று மூன்று குடும்பத்தாரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

இந்த இடத்தில் கதையைச் சற்றே நிறுத்திவிட்டு, முள் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெப்பமானி எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பதில்லை. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில், கட்டை விரலின் பருமனுள்ள ஒரு பித்தளைத் துண்டு திருகப்பட்டிருக்கும். பட்டறைகளில் அதனைச் சென்சார் என்பர். அதனுள்ளே இருக்கும் பொருளுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. சூடு ஏற ஏற, மின்சாரத்தை அது தடுக்கும் வலிமை குறைந்துகொண்டே போகும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் சில நூறு ஓம் அளவில் இருக்கும் தடை, கொதிநிலையை நெருங்கும்போது சில பத்து ஓமாகச் சுருங்கிவிடும். தடை குறைந்தால் மின்சாரம் கூடுதலாகப் பாயும். மின்சாரம் கூடினால் முள் ஏறும். ஆகவே முள் காட்டுவது சூட்டையன்று. ஒரு வயரில் ஓடும் மின்சாரத்தை. அந்த மின்சாரம் சூட்டினால் கூடிற்றா, வேறு காரணத்தால் கூடிற்றா என்பதை அறிய முள்ளுக்கு வகையில்லை.

வேறு காரணங்கள் யாவை? பாட்டரி 12 வோல்ட் என்று பெயரேயன்றி, எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் 14 வோல்ட்டை எட்டும், நின்றால் இறங்கும். முள்ளும் அதனோடு ஆடாமல் இருக்கவேண்டி, பழைய வண்டிகள் பலவற்றில் முன்பலகையின் பின்புறம் மின்னழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவில் நிறுத்தும் சிறு சாதனம் ஒன்றை வைத்திருப்பர். பெட்ரோல் முள்ளுக்கும் வெப்பமானி முள்ளுக்கும் அந்த ஒரே சாதனத்திலிருந்துதான் மின்சாரம். இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

மற்றொன்று, மின்சாரம் திரும்பும் வழி. போவதற்கு வயர் வேண்டுவதுபோல் திரும்புவதற்கும் வழி வேண்டும். மோட்டார் வண்டியில் அந்த வழி, வண்டியின் இரும்பு உடலே. இதனைத் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் எர்த் என்பர். வடக்கே மிஸ்திரிகள் அர்த் என்பர். ஒரு திருகு துருப்பிடித்தாலும், ஒரு வயரின் முனை தளர்ந்தாலும், திரும்பும் வழி குறுகி, முள் தன் போக்கில் பேசத் தொடங்கும்.

இனிக் கதைக்கு வருவோம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், கோடை விடுமுறைக்கு மசூரி செல்வதென்று புறப்பட்டோம். வண்டியில் பிள்ளைகளோடு எண்மர். அவர்களுள் எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர். டேராடூனுக்கும் மசூரிக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். அதற்குள் பாதை 1,300 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. பாதித் தூரம் ஏறியதும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ‘அது அப்படித்தான் காட்டும், அண்ணா, நீங்கள் ஓட்டுங்கள்’ என்று பின்னிருக்கையிலிருந்து ஒருவர் சொன்னார், மற்றவர்கள் ஆமோதித்தோம். அப்போது நடுப்பகல் என்பதையும், மாலையில் மட்டும் ஏறும் முள் பகலில் ஏறியிருப்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவில்லை. சிறிது தூரம் சென்றதும் முள் மளமளவென்று இறங்கிக் குளிர்ந்த நிலையைக் காட்டியது. பார்த்தீர்களா என்று மகிழ்ந்தோம். ஐந்து நிமிடத்திற்குள் எஞ்சின் தட்டத் தொடங்கியது, இழுவை குறைந்தது, இருக்கையின் அடியிலிருந்து தீய்ந்த வாடை எழுந்தது. ஒரு திருப்பத்தில் வண்டி நின்றுபோயிற்று.

நிகழ்ந்தது இதுதான். குளிர்காலத்தில் அவசியமின்றிக் கழற்றி மாட்டிய கீழ்க்குழாயின் கவ்வி சரியாக இறுக்கப்படவில்லை. ஏற்றத்தில் தண்ணீர் கசிந்து தீர்ந்தது. தண்ணீர் குறையக் குறையச் சூடு ஏறியது. அதை முள் உண்மையாகவே சொல்லியது. பிறகு சென்சார் இருக்கும் இடத்திற்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டது. சென்சாரைச் சூழ்ந்தது வெறுங்காற்றும் ஆவியுமே. தண்ணீர் சூட்டைக் கடத்துமளவிற்குக் காற்று கடத்துவதில்லை. ஆகவே எஞ்சின் வெந்துகொண்டிருந்தபோது சென்சார் குளிர்ந்தது, முள் இறங்கியது. ஏறியிருந்த முள், வண்டியை நிறுத்தி ஆற்றாமலே, ஏற்றத்தின் நடுவில் தானாக இறங்குமானால், அதைவிட அபாயமான அறிகுறி வேறில்லை. ஏறிய முள்ளைக் கண்டு அஞ்சுவோர் பலர். இறங்கிய முள்ளைக் கண்டு அஞ்சுவோர் சிலரே.

மூன்று மணி நேரம் பாட்டியையும் பிள்ளைகளையும் பாதையோரத்தில் உட்காரவைத்துக் காத்திருந்தபின், வேறொரு வண்டி கட்டி இழுத்து டேராடூனுக்குக் கொணர்ந்தது. அங்கே பட்டறை வைத்திருந்த முதிய மிஸ்திரி எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிக் காட்டினார். அலுமினியத்தால் ஆன அந்த மூடி சூட்டில் கோணியிருந்தது. அடியிலிருந்த காஸ்கெட் கருகியிருந்தது. மூடியை இழைத்துச் சமன்செய்து, புதிய காஸ்கெட் வைத்துப் பூட்ட நான்கு நாள் ஆயிற்று. இரண்டு மாதச் சம்பளம் அதற்கு ஆயிற்று.

அந்த நான்கு நாளில் ஒருநாள், மாலையில் முள் ஏறும் பழைய கதையையும் அவரிடம் சொன்னோம். பட்டறையில் செய்த தவறை இம்முறை செய்யவில்லை. கண்டதை மட்டுமே சொன்னோம். அவர் ஒரே கேள்வி கேட்டார்: ‘பாபுஜி, மாலையில் பெட்ரோல் முள்ளும் ஏறுகிறதா?’ நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆம், ஏறத்தான் செய்தது. மாலையானால் பெட்ரோல் சற்றே பெருகுவதுபோல் தோன்றும். அதை நாம் நமது அதிர்ஷ்டம் என்று எண்ணி இருந்துவிட்டோம்! மிஸ்திரி முன்பலகையின் அடியில் தலையை விட்டு, ஒரு கறுப்பு வயரின் முனையைத் தேடிப் பிடித்தார். அதை உடலோடு பிணைத்திருந்த திருகு துருவேறியிருந்தது. திருகைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் முடுக்கினார். அதற்குக் கூலியாக அவர் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை.

முன்பலகையில் உள்ள விளக்குகள், முட்கள் எல்லாவற்றின் மின்சாரமும் அந்த ஒரு கறுப்பு வயரின் வழியேதான் உடலுக்குத் திரும்பவேண்டும். பகலில் பாயும் மின்சாரம் சொற்பம். துரு தடையாகத் தோன்றாது. மாலையில் விளக்குச் சுவிட்சைப் போட்டதும் முன்பலகை விளக்குகளின் மின்சாரமும் அதே துருவின் வழியே நெருக்கியடித்துக்கொண்டு போகும். அப்போது முன்பலகையின் எர்த், உண்மையான எர்த்துக்குச் சற்றே மேலே தூக்கி நிற்கும். மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் சாதனம் தன் அளவை அங்கிருந்தே தொடங்குவதால், அதன் அளவும் அவ்வளவுக்கு உயரும். அளவுகோலின் அடியை ஒரு பலகையின்மேல் வைத்துப் பிள்ளையின் உயரத்தைக் குறித்தாற்போல என்று கொள்ளலாம். ஒரே சாதனத்தை நம்பியிருக்கும் இரு முட்களும் ஒருசேர ஏறும். சூட்டினால் ஏறியிருந்தால் வெப்பமானி முள் மட்டுமே ஏறியிருக்கவேண்டும். பெட்ரோல் கொதிப்பதால் பெருகுவதில்லை அல்லவா?

எனவே முள்ளைச் சந்தேகிக்கும்போது முதலில் செய்யவேண்டிய காரியம், பக்கத்து முள்ளைப் பார்ப்பது. இரண்டும் சேர்ந்து ஏறினாலும் சேர்ந்து இறங்கினாலும், குற்றம் முன்பலகைக்குப் பின்னால், எர்த்திலோ நிலைப்படுத்தும் சாதனத்திலோ இருக்கிறது. விளக்கு, மழைத்துடைப்பான், காற்றாடி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்துப் பாருங்கள். சுவிட்சோடு சேர்ந்து முள் அசையுமானால் ரேடியேட்டரின்மீது பழி சொல்லவேண்டாம். இப்போது எளிய விலையில் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று கையில் இருந்தால், விளக்குகளைப் போட்டுவிட்டு, முன்பலகையின் எர்த் வயருக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளக்கலாம். அரை வோல்ட்டை எட்டுமானால் அந்த வழி எங்கோ துருவேறியிருக்கிறது.

வெப்பமானி முள் மட்டும் தவறிக் காட்டுமானால், அதன் வேகத்தைக் கவனிக்கவேண்டும். எஞ்சினில் நாலைந்து லிட்டர் தண்ணீர் சுற்றுகிறது. அவ்வளவு தண்ணீர் இரண்டு விநாடியில் 30 டிகிரி ஏறுவதற்கில்லை. பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் முள் துள்ளி ஏறி, அடுத்த குலுக்கலில் இறங்கினால், வயர் எங்கோ உரசுகிறது. தண்ணீரை மாற்றியபின் குழாய்களில் காற்று அடைத்துக்கொண்டாலும் முள் இவ்வாறு அலையும். அதுமட்டும் விலக்கு; அண்மையில் தண்ணீர் மாற்றியதுண்டா என்று நினைவுபடுத்திக் கொள்ளவேண்டும்.

அடுத்த சோதனைக்கு எஞ்சினை ஆறவிட்டு, சாவியை மட்டும் திருப்பி வையுங்கள். வேட்டி, துப்பட்டா முதலியவை காற்றாடியின் அருகே போகாமலிருக்கட்டும். மின்சாரக் காற்றாடி எஞ்சின் ஓடாதபோதும் திடீரெனச் சுழலும். சென்சாரின் தலையிலிருந்து வயரைக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் முள் உடனே குளிர்ந்த பக்கத்திற்கு விழவேண்டும். விழாமல் நின்றால், வயர் வழியிலேயே உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. விழுந்தால், கழற்றிய முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பில் ஒரு விநாடி மட்டும் தொடவையுங்கள். முள் சிவப்புக் கோட்டுக்கு ஓடவேண்டும். அதிக நேரம் பிடித்தால் கருவி கருகிவிடும். முள் இவ்விரண்டையும் ஒழுங்காகச் செய்தால் முள்ளும் வயரும் நலமே, சென்சாரைத்தான் ஆராயவேண்டும். புதிய சென்சார் வாங்கும்போது, மரை பொருந்துகிறது என்பதற்காக வேறு வண்டிக்குரியதை மாட்டிவிடுவார்கள். தடை அளவு வேறானால் முள் ஆயுள் முழுதும் தவறியே காட்டும். ஒழுகாதிருக்கவேண்டி மரையின்மேல் வெள்ளை நாடாவைத் தடிப்பாகச் சுற்றுவதும் வழக்கம். எர்த் மரையின் வழியேதான் போகிறது என்பதை மறந்து செய்யும் காரியம் அது. அவ்வாறு சுற்றிய சென்சார் எஞ்சினை எப்போதும் குளிர்ந்ததாகவே காட்டும்.

நேரடியாகச் சூட்டை அளக்க, தொடாமலே அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி இப்போது கடைகளில் கிடைக்கிறது. 2020-இல் நோய்த்தொற்றுக் காலத்தில் நெற்றிக்கு நேரே காட்டினார்களே, அது இதற்குப் பயன்படாது. அது மனித உடம்பின் சூட்டை மட்டுமே அளக்கும். தொழிற்சாலைகளுக்கென்று செய்யப்பட்டது வேண்டும். பளபளப்பான உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். ஆதலால் தெர்மோஸ்டாட் இருக்கும் உறைமேல் கறுப்பு நாடாத் துண்டு ஒன்றை ஒட்டி அங்கே பார்க்கவேண்டும். 80 முதல் 95 டிகிரி வரை இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது என்று பொருள். முள் என்ன சொன்னாலும் சரி.

முள் எப்போதும் குளிர்ந்த பக்கத்திலேயே கிடந்தால் அதுவும் ஆராயத்தக்கதே. தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டால் எஞ்சின் உண்மையாகவே போதிய சூடு ஏறாது; பெட்ரோல் வீணாகும். சமவெளியில் உள்ள மிஸ்திரிகள் சிலர், நம் நாட்டு வெயிலுக்கு இது எதற்கு என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுவார்கள். நாம் அதை ஒப்பமாட்டோம். மாறாக, அது மூடியபடி நின்றுவிட்டால், மேல்குழாய் கொதிக்கக் கீழ்க்குழாய் சில்லென்றிருக்கும். அப்போது ஏறிய முள் உண்மையே பேசுகிறது.

மெய்யைச் சொல்லி ஏமாற்றுவதும் உண்டு என்று தொடக்கத்தில் சொன்னோம். ரேடியேட்டரின் மூடி சாதாரண மூடியன்று. உள்ளே அழுத்தத்தை அடக்கிவைத்து, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறக்குறைய 118 டிகிரி வரை தாங்கும்படி செய்வது அதன் வேலை. அதன் ரப்பர் இற்றுப்போனால் அழுத்தம் நிற்காது. மசூரி கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி இற்றுப்போன வண்டி அவ்வுயரத்தில் 93 டிகிரிக்கே பொங்கி வழியும். முள்ளோ நடுவில் நிற்கும். முள்மீது பழியில்லை, 93 டிகிரி என்பது உண்மைதானே? நீலகிரிக்கும் சிம்லாவுக்கும் டார்ஜிலிங்குக்கும் வண்டியோட்டுவோர், மலையேறுமுன் அந்த மூடியின் ரப்பரைப் பார்த்துக்கொள்வது நலம். விலை அற்பம்.

வழியில் முள் ஏறினால் என்ன செய்வது? பொய்யோ மெய்யோ, முதலில் மெய்யென்றே கொள்ளவேண்டும். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சூடான மூடியை எக்காரணத்தாலும் திறக்கவேண்டாம். அடங்கிக் கிடக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். அரைமணி நேரமேனும் ஆறியபின், தடித்த துணியைப் போட்டு மூடியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நிறைந்திருந்து, குழாய்களும் ஒழுகாமலிருந்தால், முள்ளை விசாரிக்கலாம். குறைந்திருந்தால் முள்ளுக்கு நன்றி சொல்லி, எஞ்சின் நன்கு ஆறும்வரை பொறுத்து, மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றவேண்டும். வெந்த உலோகத்தில் குளிர்நீரை ஒரேயடியாகக் கொட்டினால் வெடித்துவிடும். பட்டறைக்குப் போனதும் ‘காடீ கரம் ஹோ ரஹீ ஹை’ என்று தொடங்கவேண்டாம். ‘சூயி ஊபர் ஜா ரஹீ ஹை’, முள் மேலே போகிறது என்று சொல்லுங்கள். எப்போது, எந்தச் சுவிட்சைப் போட்டபோது, பக்கத்து முள் என்ன செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வங்காளத்திலானாலும் மராட்டியத்திலானாலும் அவ்வூர் மொழியில் இந்த ஒரு வாக்கியத்தைக் கற்றுவைத்துக்கொள்வது பயன் தரும்.

நமது வேன் ஐந்தாம் நாள் மாலை டேராடூனிலிருந்து புறப்பட்டது. ரூர்க்கியைத் தாண்டியதும் இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டதும் எண்மரும் முன்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெப்பமானியின் முள் நடுவை விட்டு அசையவில்லை. பெட்ரோல் முள் மட்டும் ஒழுங்காக இறங்கிக்கொண்டே வந்தது. மீரட்டில் நிறுத்தி நிரப்பிக்கொண்டோம்.